ஆறரை மணி இலையும் இரண்டு மணி இலையும்

வாய்மொழிக் கதைகளின் மாறுபட்ட வடிவங்களைத் தொகுப்பவனின் தொழிலில், யார் சொன்னார், எப்போது சொன்னார், எங்கே சொன்னார் என்னும் மூன்று கேள்விகள் முதலில் வரும். என்ன சொன்னார் என்பது நான்காவதாகத்தான் வரும். அந்த முறைப்படியே தொடங்குகிறேன். கீழே வரும் செய்திகளுள் தலையாயதை நான் கேட்டது மரகதம் என்பவரிடம். சரவணம்பட்டியைத் தாண்டியுள்ள ஒரு தனியார் கல்லூரியின் பசுமைக்குடிலுக்குப் பின்னால், குழாயடியில். சென்ற ஆடி மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே முக்கால் மணிக்கு. அவர் அப்போது மண்தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நாட்டுப்புறவியலில் ஊறி ஓய்வுபெற்றவனுக்குப் பசுமைக்குடிலில் என்ன வேலை என்று கேட்பீர்கள். அக்கல்லூரியின் தாவர உயிரித் தொழில்நுட்பத் துறையில் எனக்குத் ‘தமிழ் ஆலோசகர்’ என்று பெயர். உழவர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்குமாக ஒரு கையேடு எழுதித் தர வேண்டும். “சின்ன வேலைதானுங்க சார். இங்கிலீஷ்ல எல்லாம் ரெடியா இருக்குது. தமிழ்ல மாத்திப்போட்டாப் போதும்” என்று சொல்லித்தான் அழைத்தார்கள். இந்த வாக்கியத்தை வாழ்நாளில் ஒருமுறையேனும் நம்பி ஏமாந்தவர்கள் யாவரும் எனக்கு உறவினர். அவர்களுக்கே இதை எழுதுகிறேன்.

முதலாளி வந்த வழி

கையேட்டின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சோளச் செடியின் ஒவ்வோர் உயிரணுவிலும் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் உள்ளன. எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. எதை இப்போது படியெடுக்க வேண்டும், எதை மூடி வைக்க வேண்டும் என்பதை, மரபணுவின் தலைமாட்டில் வந்து உட்காரும் சில புரதங்கள் முடிவு செய்கின்றன. பாடநூல்கள் அவற்றைப் ‘படியெடுத்தல் காரணிகள்’ என்கின்றன. தண்ணீர் குறைந்தால் இலைத்துளைகளை மூடும் வேலை தொடங்குவதும், நோய் தொற்றினால் எதிர்ப்பு கிளம்புவதும், பூவில் எது இதழாக வேண்டும் என்பதும் இவை போய் உட்காரும் இடத்தைப் பொறுத்தவை. இவற்றை உண்டாக்குவதற்கும் தனித்தனி மரபணுக்கள் உள்ளன.

அந்த மரபணுக்களுக்குத் துறைத்தலைவர் ‘முதலாளி மரபணு’ என்று பெயர் சூட்டி, என் கைக்கு வருமுன்பே முகப்பில் அச்சிடவும் ஏற்பாடு செய்திருந்தார். எனக்குக் கொதித்தது. முதலாளி என்பவர் பிறர் ஏவலுக்குக் காத்திருப்பவர் அல்லர். இந்தக் காரணியோ இன்னொன்று எழுப்பினாலன்றி எழாதது. ஏவலும் இதற்கு உண்டு, ஏவப்படுதலும் உண்டு. இதை மூன்று பக்கக் குறிப்பாக எழுதி, எடுத்துக்காட்டுகளுடன் கொடுத்தேன். அவர் முதல் பக்கத்தின் பாதிவரை படித்துவிட்டு, தாள்களைத் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

“விவசாயிக்கு முதலாளின்னாத்தான் சார் புரியும். உங்க காரணி யாருக்குங்க புரியும்?”

அந்தியூரில் ஒரு கேள்வி

யாருக்குப் புரியும் என்பது அடுத்த வாரமே தெரிந்தது. அந்தியூரில் ஒரு திருமண மண்டபத்தில் உழவர் கூட்டம். திரையில் ‘முதலாளி மரபணு’ மஞ்சள் எழுத்தில் மின்னியது. துறைத்தலைவர் நாற்பது நிமிடம் பேசி முடித்ததும், நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். மானாவாரியில் சோளம் விதைத்து ஆடு வளர்ப்பவர் என்று பிறகு கேட்டுக் குறித்துக்கொண்டேன்.

“ஏனுங்க, மழை இல்லீன்னா அந்த முதலாளி வந்து வேலை ஏவறானுங்க, சரி. அவன எழுப்பி உடறது ஆருங்க?” என்றார். “அதுக்கு மேல ஒருத்தருங்க” என்றார் துறைத்தலைவர். “அவர?” “அவருக்கும் மேல ஒருத்தர் இருப்பாருங்க.” “அப்பறம் அவர?” துறைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சாப்பாடு ஆறிவிடும் என்றார். கேட்டவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வதுபோல் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நான் மூன்று பக்கத்தில் எழுதியது அவருக்கு இரண்டு வாக்கியத்தில் முடிந்தது.

“அப்ப முதலாளின்னு சொல்லாதீங்க. அவனும் நம்மளாட்ட, கூப்புட்டாப் போறவன்தானுங்க.”

சின்னக் கட்டம்

காரணிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்திருக்கிறார்கள். மரபணுவைப் பற்றிக்கொள்ளும் கையின் அமைப்பு ஒன்றாக இருந்தால் ஒரே குடும்பம். வொர்க்கி என்றொரு குடும்பம், நாக் என்றொரு குடும்பம், மேட்ஸ் என்றொரு குடும்பம், மிப் என்று மிகப் பெரிய குடும்பம் ஒன்று. ஆதியில் இருந்த ஒன்று இரண்டாகி, இரண்டு பலவாகி, ஒவ்வொன்றும் தன் வழியில் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை. சென்னிமலைத் தறிக்காரர்களிடம் நான் பதிவு செய்த ஒரு கதை கல்யாணத்தில் முடிகிறது. அதே எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு அந்தியூர்ச் சந்தைக்கு வரும் குதிரை வியாபாரிகள் சொல்லும் கதை திருட்டில் முடிகிறது. உடம்பின் அமைப்பு ஒன்று. செய்யும் வேலை வேறு. இதை அறியாதவன் என் தொழிலில் ஒரு நாள் தாக்குப்பிடிக்க மாட்டான்.

ஆனால் கையேட்டுக்குத் துறை அனுப்பிய அட்டவணையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நேரே ஒரே ஒரு வேலை எழுதியிருந்தது. வொர்க்கி: நோய் எதிர்ப்பு. நாக்: இலை பழுத்தல். மேட்ஸ்: பூவின் உறுப்புகள். மிப்: வறட்சி. துறையே கொடுத்த மூலக் கட்டுரைகளில், மிப் குடும்பத்தில் ஒன்று நிறமேற்றுகிறது, ஒன்று இலையில் ரோமம் வளர்க்கிறது, ஒன்று வறட்சியில் எழுகிறது, ஒன்று பொழுது விடிவதை அறிகிறது என்று தெளிவாக இருந்தது. நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையின் வேலையைக் குடும்பத்தின் பெயராக எழுதலாமா என்று கேட்டுக்கொண்டு அட்டவணையைத் தயாரித்தவரிடம் போனேன். அவர் நிர்மலா, முனைவர் பட்டத்துக்கு ஐந்தாம் ஆண்டாக உழைப்பவர், வீட்டில் இரண்டு குழந்தைகள். என் கோபத்தைப் பொறுமையாகக் கேட்டு, மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“நீங்க சொல்றது சரிதானுங்க சார். கட்டம் சின்னதுங்க, ஒரு வேலைதான் புடிக்குது.”

குழாயடியில் கேட்டது

‘ஓர் இலை ஆய்வகத்துக்கு வரும் வழி’ என்றொரு பகுதி கையேட்டில் வேண்டும் என்று நானாகவே சேர்த்தேன். அதற்காகத்தான் மரகதத்திடம் போனேன். அவர் ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்கு வந்தவர். வயற்காட்டு வேலை செய்துவந்த குடும்பம். பத்தாம் வகுப்புத் தேறியவர். நிர்மலாவின் சோதனைக்கான சோளத் தொட்டிகள் முழுக்க அவர் பொறுப்பு. ஒரு வரிசைக்குத் தண்ணீர் ஊற்றுவார், ஒரு வரிசையைக் காயவிடுவார். குறித்த நாளில் இரண்டிலும் இலை நறுக்கி, பொட்டலம் கட்டி, புகை கக்கும் திரவ நைட்ரஜன் கேனில் போடுவார். உறைந்த இலை, நறுக்கிய நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே நின்றுவிடும்.

எந்த வரிசையை எத்தனை மணிக்கு நறுக்குவீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே குறித்திருக்கிறேன்: “காஞ்ச வரிசைய வெடியால வந்ததும் ஆறரைக்கே நறுக்கிப்போடுவனுங்க. வெயில் ஏறுனா எலை சுருண்டுக்குது, அளவு வராது. அதனால அதைய மொதல்ல நறுக்குங்கன்னு நிர்மலா அம்மணி சொன்னாங்க. அந்நேரத்துக்குக் கேன்ல முந்தின நாளு நைட்ரஜன் கொஞ்சூண்டுதான் கெடக்கும். ஒரு வரிசைக்குத்தான் ஆகும். புதுசு கொண்டாற வண்டி ஒன்றரைக்கு வரும். ஈர வரிசைய ரெண்டு மணிக்கு நறுக்குவனுங்க.” நாள் முழுவதும் தொட்டி மாறாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டேன். காய்ந்த வரிசைத் தொட்டிகளின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருப்பதைக் காட்டினார். பழைய புடவைக் கரையிலிருந்து உருவிய நூல்.

“ஆரும் சொல்லித் தரலீங்க. மாறிப்போச்சுன்னா என்னையத்தானே கேப்பாங்க?”

இனிப்புக்குப் பின்

சில வாரங்கள் கழித்துத் துறையில் இனிப்பு வழங்கினார்கள். மிப் குடும்பத்தில் ஒரு மரபணு, காயவிட்ட சோளத்தில் மட்டும் பல மடங்கு உரக்க வேலை செய்வதை நிர்மலா கண்டிருந்தார். அதே குடும்பத்தின் இன்னொரு மரபணு வறட்சிக்கு உதவுவது ஏற்கெனவே தெரியும். ஆகவே இதுவும் அப்படித்தான் என்று ஐயமே இல்லாமல் தீர்மானித்தார்கள். சின்னக் கட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது. கையேட்டின் முகப்பு ‘வறட்சியை வெல்லும் முதலாளி’ என்று மாறியது. நான் எதிர்த்தேன். இனிப்பு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பிறகு வேறு ஊரிலுள்ள ஓர் ஆய்வகம் அதே சோளத்தை, அதே முறையில் காயவைத்துப் பார்த்தது. காய்ந்த செடிக்கும் ஈரச் செடிக்கும் அந்த மரபணுவில் வேறுபாடே இல்லை என்று எழுதினார்கள். யாருடைய தவறு என்று கண்டறியத் துறைக்கு அரைநாள்கூடத் தேவைப்படவில்லை. எந்த இலையைச் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள், எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்று எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. குடிலில் வேலை செய்பவர் தொட்டியை மாற்றி நறுக்கிவிட்டார் என்று கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். திங்கள்கிழமையிலிருந்து மரகதம் வர வேண்டாம் என்று ஒப்பந்தக்காரருக்குச் சொல்லியாயிற்று. அவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று துறைத்தலைவரிடம் கேட்டேன்.

“கேட்டா ஆமான்னா சொல்லப்போறாங்க? படிக்காத பொம்பளைங்க சார், மாத்திப்போட்டிருப்பாங்க. வேறென்ன?”

நோட்டுப் புத்தகம்

அன்று மாலை, பத்தாம் வகுப்புத் தேறியவரைப் படிக்காதவர் என்று சொன்னதைத் திருத்துவதற்காகத்தான் என் நோட்டைப் புரட்டினேன். ஆறரை மணி, இரண்டு மணி என்று என் கையெழுத்திலேயே இருந்தது. வாரக்கணக்காக அது என் மேசையில் கிடந்திருக்கிறது. அட்டவணையைப் பார்த்துக் கொதித்தபோது, விடிவதை அறியும் மிப் ஒன்று உண்டு என்று நானே வாதிட்டும் இருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மற்றவர்கள்மேல் எனக்கு எவ்வளவு சினமோ, அதில் ஒரு பங்கை எனக்கும் எடுத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் துறைத்தலைவர் அறையில், நிர்மலாவும் இருக்கையில், குறிப்பை வாசித்தேன். சொன்னவர், நாள், நேரம், இடம், பிறகு சொன்ன சொற்கள். ஒரு வரிசை விடியலில், ஒரு வரிசை பிற்பகலில். செடிகள் பொழுதை அறியும் என்றால், நீங்கள் ஒப்பிட்டது காய்ந்த செடியையும் ஈரச் செடியையுமா, காலையையும் பிற்பகலையுமா என்று கேட்டேன். நிர்மலா தன் பதிவேட்டைத் திறந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி இருந்தது. மணி எங்கும் இல்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். காய்ந்ததை முதலில் நறுக்கச் சொன்னவர் அவர்தானே. துறைத்தலைவர் என் நோட்டை விரல் நுனியால் என் பக்கம் தள்ளினார். நான் வாழ்நாள் முழுவதும் சேகரித்த எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் ஒரே தீர்ப்பு சொன்னார்.

“இது வாய்ப்பேச்சுங்க சார். இது டேட்டா இல்லை.”

நிர்மலாவின் கணக்கு

ஐந்து ஆண்டு உழைப்பு அந்த ஒரு மரபணுவின்மேல் நின்றது. நிர்மலா பேசாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள்; தொட்டி மாறியது என்ற காரணம் கூட்டக் குறிப்பில் பத்திரமாக இருந்தது. மீண்டும் ஒருமுறை தொட்டி வைத்து, பழைய நேரங்களிலேயே இலை நறுக்கிச் சோதனை செய்து, ஆய்வேட்டை முடித்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. யாரிடமும் சொல்லாமல் இரண்டு சோதனைகள் செய்தார். ஃப்ரீசரில் மீதமிருந்த அதே பழைய இலைகளை எடுத்து, வறட்சியில் எழும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட வேறு மரபணுக்களைப் பார்த்தார். சிவப்பு நூல் கட்டிய வரிசையில் அவை எழுந்திருந்தன. ஈர வரிசையில் உறங்கின. தொட்டி ஒன்றுகூட மாறவில்லை.

இரண்டாவது சோதனையில் எந்தச் செடியையும் காயவிடவில்லை. எல்லாத் தொட்டிக்கும் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, ஆறரை மணிக்கு ஒருமுறையும் இரண்டு மணிக்கு ஒருமுறையும் தானே இலை நறுக்கினார். வறட்சியே இல்லாத செடியில், விடியலில் அந்த மரபணு பல மடங்கு உரக்க ஒலித்தது, பிற்பகலில் அடங்கிவிட்டது. வறட்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பொழுது விடிந்ததென்று செடிக்குச் சொல்வது அதன் வேலை. அதைத் தவறாமல் செய்திருக்கிறது. தாள்களை என் மேசையில் வைத்துவிட்டு நிர்மலா நின்றுகொண்டே சொன்னார்.

“என்னோட ஜீன் போச்சுங்க சார். ஆனா அக்கா தொட்டிய மாத்தலை.”

கேட்காத கேள்வி

தாள்களைத் துறைத்தலைவரிடம் கொடுத்தவரும் நிர்மலாதான். இந்த முறை அது வாய்ப்பேச்சு அன்று, வண்ண வரைபடம். ஆகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒன்பது நாள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, பத்தாம் நாள் மரகதம் திரும்பி வந்தார். வருந்துகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. ‘இலை நறுக்கும் நேரம் இனிக் குறிக்கப்பட வேண்டும்’ என்று ஒரு சுற்றறிக்கை மட்டும் குடிலின் கதவில் ஒட்டியிருந்தது, அவரே அந்தத் தவறைச் செய்தவர் போல.

நிர்மலா குழாயடிக்கு வந்து, “அக்கா, நான்தானுங்க காஞ்சதை மொதல்ல நறுக்கச் சொன்னேன். அதை நான் அன்னைக்கே சொல்லியிருக்கோணும்” என்றார். மரகதம் தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “அட உடு அம்மணி, உம்பட படிப்பு என்னாச்சு?” என்று கேட்டார். இன்னும் ஓராண்டு ஆகும் என்றார் நிர்மலா. “ஆகட்டும். ஒருக்காச் செஞ்சதுதானே, கை பழகியிருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். குறித்துக்கொள்ளும்படி அவரே சொன்னதால் குறித்தேன்.

“மணி என்னன்னு ஒருத்தராவது கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பனுங்க. நீங்க ஒருத்தர்தான் கேட்டீங்க, அதும் பொஸ்தகத்துல போடறதுக்கு.”

பிற வடிவங்கள்

முறைப்படி, இதே நிகழ்ச்சியைப் பிறர் வேறு முடிவோடு சொல்வதையும் பதிவு செய்கிறேன். கல்லூரி உணவகத்தில் வழங்கும் வடிவத்தில், நான் நோட்டைத் துறைத்தலைவர் மேசைமீது வீசினேன், அவர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். இரண்டும் நடக்கவில்லை, முதலாவது நடக்காததில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. வெளியூர் விருந்தினருக்குத் துறைத்தலைவர் சொல்லும் வடிவத்தில், துறையின் தர ஆய்வு முறை தானாகவே பிழையைக் கண்டுபிடிக்கிறது. அதில் மரகதமும் இல்லை, நானும் இல்லை, நிர்மலா ஒரு வாக்கியத்தில் வந்து போகிறார்.

ஒப்பந்தக்காரர் சொல்லும் மூன்றாம் வடிவத்தில் மரகதத்தை யாரும் நிறுத்தவே இல்லை. சென்னிமலை முருகனுக்கு ஏதோ வேண்டுதல் என்று ஒன்பது நாள் விடுப்பில் போயிருந்தார், முடித்துக்கொண்டு வந்துவிட்டார். வருகைப் பதிவேட்டைப் பார்த்தேன். ஒன்பது கட்டத்திலும் ‘விடுப்பு’ என்றே மை காய்ந்திருக்கிறது. மரகதத்திடம் கேட்டேன்; “சென்னிமலைக்கு நான் போயே மூணு வருசமாச்சுங்களே” என்றார். ஆனால் இவற்றுள் எழுத்தில் நிற்கும் வடிவம் பதிவேடு ஒன்றே என்பதால், நாளை வரும் ஆராய்ச்சியாளர் அதையே மூலம் என்று கொண்டு, மணி தெரிந்த சோளத்தையும் மணி சொன்ன மரகதத்தையும் வாய்ப்பேச்சு என்று அடிக்குறிப்பில் தள்ளிவிடுவார்.